பாய்லர் புகைக்குழாயின் வெளிவாயைப் பெட்டி அடித்து மறைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் எரிவாயு பாய்லரின் புகைக்குழாய், சமையலறைச் சுவர் வழியாகப் பக்கவாட்டு நடைபாதையில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெளியே வருகிறது. வெண்புகை நடப்பவர் முகத்தில் அடிப்பதாலும், பிள்ளைகள் தொட்டுவிடக்கூடும் என்பதாலும், தச்சர் ஒருவர் இடைவெளி விட்ட மரச்சட்டங்களால் அதற்குப் பெட்டி அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு பாய்லர் சிறிது நேரம் ஓடியதும் தானாகவே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
பெரும்பாலும் உண்டு. இவ்வகை பாய்லர்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய்கள் அமைந்திருக்கும். உட்குழாய் வழியே எரிந்த வாயு வெளியேற, அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே எரிவதற்கான காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்டிக்குள் தேங்கும் கழிவு வாயுவையே பாய்லர் திரும்ப உள்வாங்கினால், ஆக்சிஜன் குறைந்து, எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் உயிரைப் பறிக்கும் நச்சு வாயு கூடும். கருவி நின்றுவிடுவது ஒருவகையில் நல்லது. நிற்காமல் ஓடியிருந்தால்தான் இன்னும் அஞ்ச வேண்டும். பொத்தானை அழுத்தி மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல், பாய்லரை அணைத்துப் பெட்டியைக் கழற்றுங்கள். எரிவாயுப் பணிக்கு உரிமம் பெற்றவர் கழிவு வாயுவைக் கருவி வைத்து அளந்து பார்த்த பிறகே அதை இயக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
கழற்றிவிட்டோம். சட்டங்களின் உட்புறம் ஊறிக் கறுத்திருக்கிறது, ஆணிகளெல்லாம் துருப்பிடித்துவிட்டன. வேறு எதைக் கொண்டு மறைப்பது? வெளிவாய்க்கு நேர் மேலே, 20 செ.மீ. தள்ளி, திறக்கும் சன்னல் ஒன்றும் இருக்கிறது.

பதில் 2:
கழிவு வாயுவிலிருந்து வடியும் நீர் அமிலத்தன்மை உடையது என்பதால்தான் ஆணிகளுக்கு அந்தக் கதி. பிள்ளைகளுக்காகத் தடுப்பு வேண்டுமென்றால், பாய்லர் தயாரிப்பாளர் அந்த மாதிரிக்கென்று தரும் கம்பிக் கூண்டைப் பொருத்துங்கள். ஆள் தொடக்கூடிய உயரத்தில் உள்ள வெளிவாய்க்கு அது தேவைதான். கொசுவலை போன்ற நெருக்கமான வலை வேண்டாம். அதில் தூசியும் சிலந்திக்கூடும் சேர்ந்து வாயை அடைத்துவிடும். செடிகொடிகளும் அருகில் வளரக் கூடாது.

கூண்டைவிட அந்தச் சன்னல்தான் எனக்குக் கவலை தருகிறது. விசிறி பொருத்திய புகைக்குழாய்க்கும் திறக்கும் சன்னலுக்கும் இடையே 300 மி.மீ. இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவு. உங்கள் பாய்லரின் கையேடு அதற்கு மேல் கேட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள். வெண்புகையாகத் தெரிவது நீராவி குளிர்ந்த துளிகள்தான். வெயில் நாளில் அது கண்ணில் படாவிட்டாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும், சன்னல் வழியே உள்ளேயும் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. எச்சரிக்கைக் கருவி ஒன்றை வீட்டுக்குள் இன்றே வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் வெளிவாயை இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில் 2:
அவசியமில்லை. பல தயாரிப்பாளர்கள், காற்று இழுக்கும் வாயை அதே இடத்தில் விட்டு, கழிவு வாயுவை மட்டும் சுவரோரமாக மேலே கொண்டுசெல்லும் நீட்டிப்புக் குழாய் தருகிறார்கள். அதன் முனையும் சன்னலிலிருந்து உரிய தூரத்தில் இருக்க வேண்டும். வடியும் நீர் பாய்லரை நோக்கித் திரும்பும்படி குழாய் சரிந்திருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் குழாயை ஒட்டுப்போடாதீர்கள். பொருத்தியவரிடம் மூட்டுகளைச் சோதித்து, அளவீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள்.