பிரான்சில் வீட்டு வேலைக்கு எந்த ரம்பம், எந்த பிளேடு: கடலூரிலிருந்து சென்றிருக்கும் தம்பிக்கு

தம்பி, கடலூர் வீட்டில் அப்பாவிடம் இருக்கும் இரும்பு அறுக்கும் நான்கு அங்குல கை கிரைண்டரையும் கல் அறுக்கும் மார்பிள் கட்டரையும் அடுத்த முறை வரும்போது பாரிசுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிரான்சில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். மின்சாரம் இதற்குக் காரணமல்ல. இங்கும் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்கை மாற்றினால் மெஷின் ஓடிவிடும். சிக்கல் பிளேடின் நடுத்துளையில் இருக்கிறது. நம் ஊர் நான்கு அங்குல கிரைண்டருக்கான கட்டிங் வீலின் துளை 16 மில்லிமீட்டர். அங்கே கடைகளில் கிடைப்பவையோ பெரும்பாலும் 115, 125 மில்லிமீட்டர் வீல்கள். அவற்றின் துளை 22.23 மில்லிமீட்டர். பெட்டியில் கொண்டுபோன வீல்கள் தேய்ந்த அன்றே மெஷினுக்கு வேலை முடிந்துவிடும். பெரிய துளைக்கு வாஷர் கொடுத்து இறுக்குவதும், கார்டை (வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடி) கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டுவதும் நம் பட்டறைகளில் சாதாரணம் என்றாலும், அச்சு விலகி ஓடும் வீல் உடைந்தால் அதன் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும்.

மார்பிள் கட்டரைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி பிளைவுட் அறுப்பது கடலூரிலும் புதுச்சேரியிலும் அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அது கல்லுக்காக நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,000 சுற்று ஓடும்படி செய்யப்பட்டது. மரத்துக்கான வட்ட ரம்பம் பொதுவாக 5,000 சுற்று அளவில்தான் ஓடும், அறுத்து முடித்ததும் அதன் கீழ்க் கார்டு தானே மூடிக்கொள்ளும். அந்தக் கார்டு இல்லாத மெஷினில் பல் மரத்தில் சிக்கினால், அது எகிறி எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை.

எடுத்துப் போகத் தகுந்தவை வேறு சில உண்டு. ஜிக்சாவுக்கான (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மெஷின்) அடிப்பகுதி டி வடிவில் இருக்கும் பிளேடுகளும், ஆக்சாவுக்கான (இரும்பு அறுக்கும் கைரம்பம்) 12 அங்குல பிளேடுகளும் இரண்டு நாட்டிலும் ஒரே அளவுதான். அவற்றைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலகைக் கேபினுக்குள் விடமாட்டார்கள். டிரில் பேட்டரி இருந்தால் விதி தலைகீழ்: தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 வாட்-அவர், 100 என்ற வரம்புக்குள் அடங்கிவிடும்.

இனி பாத்திரம் கழுவும் தொட்டி பதிக்க நீங்கள் வெட்டப்போகும் சமையலறை மேடைப் பலகைக்கு வருகிறேன், ஏனென்றால் பணமும் மனமும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். நம் ஊரில் தேக்கும் பலாவும் பார்த்த கண்ணுக்கு அந்தப் பலகை கெட்டியாகத் தெரியும். உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திய பார்ட்டிகிள் போர்டு, மேலே சன்மைக்கா போன்ற மெல்லிய தகடு. அறுக்கும்போது உடைந்து சிதறுவது அந்தத் தகடுதான். ஜிக்சாவில் (கடையில் அதை சி சோத்தேஸ் என்பார்கள்) சாதாரண பிளேடின் பற்கள் மேல்நோக்கி இழுத்து வெட்டுவதால் சிதறல் மேற்பக்கத்தில் விழும். ஆகவே பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் கோடு வரைந்து அறுக்க வேண்டும். கவிழ்க்க முடியாவிட்டால் பல் கீழ்நோக்கிய பிளேடை வாங்குங்கள். உறையில் டி 101 பிஆர் என்று இருப்பது அந்த வகை. உங்கள் பலகையின் கனத்தை அது தாங்குமா என்பதும் அதே உறையில் அச்சிடப்பட்டிருக்கும்.

தொட்டிக்கு ஓட்டை போடும்போது நான்கு மூலையிலும் கோட்டுக்கு உள்ளே 10 மில்லிமீட்டர் துளை போட்டு அதில் பிளேடை இறக்குங்கள். கடைசிப் பக்கத்தை அறுக்கும் முன் நடுத்துண்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்காவிட்டால், அது தன் எடையில் தொங்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு விழும். அறுத்த விளிம்பு முழுவதும் சிலிக்கான் தடவுங்கள். தண்ணீர் இறங்கிய பார்ட்டிகிள் போர்டு உப்பினால் பிறகு சரிசெய்யவே முடியாது.

அலமாரிப் பலகைகளை நேராக அறுக்க மட்டும் வட்ட ரம்பம் வாங்காதீர்கள். லெரூவா மெர்லான் போன்ற கடைகளில் பலகை வாங்கும்போதே அளவு சொல்லி அறுத்து வாங்கலாம். எப்போதாவது தேவைப்பட்டால் கிலூத்தூ போன்ற இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கியே தீருவதென்றால் விட்டத்தோடு துளையையும் பாருங்கள். ஒரே 190 மில்லிமீட்டர் பிளேடு 16, 20, 30 எனப் பல துளைகளில் வரும். 24 பல் உள்ள பிளேடு, மரத்தை நீளவாக்கில் வேகமாக அறுக்க. பிளைவுட்டுக்கு 40-க்குக் குறையக் கூடாது. சன்மைக்காவுக்கு அதற்கும் மேல்.

திரைச்சீலைக் கம்பிக்கு ஆக்சா போதும். மெல்லிய குழாயின் சுவரில் எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது பட வேண்டும், அதனால் அங்குலத்துக்கு 32 பல் உள்ளதை எடுங்கள், பல்லின் முனை முன்னோக்கி இருக்கட்டும். ஜிப்சம் சுவருக்கு ரம்பமே வேண்டாம். 18 மில்லிமீட்டர் கட்டர் கத்தியால் ஒரு பக்கத் தாளைக் கீறி, மடக்கி உடைத்து, பின்தாளை அறுத்தால் தீர்ந்தது.

அங்கேயே கிரைண்டர் வாங்குவதானால், கட்டிங் வீலின் நடு உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பதைப் படியுங்கள். அது காலாவதித் தேதி. பிசின் கெட்ட பழைய வீலைத் தள்ளுபடியில் வாங்குவது லாபமல்ல.

வாடகை வீடு என்பதால் இன்னும் இரண்டு. 1989 ஜூலை 6 சட்டப்படி, வீட்டின் அமைப்பையே மாற்றும் வேலைக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வீட்டோடு வந்த சமையலறைப் பலகையை வெட்டுவதற்கும் எழுதிக் கேட்டுவிடுவதே நல்லது, வாய்வார்த்தை போதாது. அடுத்தது, கட்டடம் 1997-க்கு முந்தையது என்றால் பழைய வினைல் தரை ஓடுகளையும் அவற்றின் பசையையும் அறுக்கவோ உரசவோ கூடாது. பிரான்சில் ஆஸ்பெஸ்டாஸ் தடைசெய்யப்பட்டது அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதியில்தான். முதலில் உரிமையாளரிடம் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுக்கும் முன் உங்கள் ஊர் மேரியின் (நகராட்சி அலுவலகம்) இரைச்சல் விதியைப் பாருங்கள். பல ஊர்களில் அன்று காலை 10 முதல் 12 மணி வரைதான் அனுமதி. பலகையின் கனத்தையும், தொட்டி மேலிருந்து அமர்வதா கீழிருந்து பொருத்துவதா என்பதையும் எழுதுங்கள், பிளேடு எண்ணைச் சொல்கிறேன்.