சைன் பிறந்தது வானத்திலா, சந்தையிலா?

ஈசூன் அப்பா: மகன் உயர்நிலை மூன்று. நேற்று கூடுதல் கணிதப் பயிற்சித்தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த சைன், கொசைன் எல்லாம் யாருக்குப்பா வேணும்?" என்றான். வானத்தைப் பார்த்தவர்களுக்கு வேண்டியிருந்தது என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. கணிதமே வானியலின் பிள்ளை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தேக்கா கணக்கர்: வந்துட்டேன். மனிதன் முதலில் எண்ணியது நட்சத்திரத்தை இல்லை அண்ணே, ஆட்டையும் பார்லியையும் கூலியையும். மெசொப்பொத்தேமியாவில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலும் கிடங்குக் கணக்குதான். அடுத்து நீங்கள் வட்டத்துக்கு 360 பாகை, மணிக்கு 60 நிமிடம் என்று அறுபதைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அந்த மெசொப்பொத்தேமியாவின் பாபிலோனியர் கோள்களைக் கணக்குப் போட்டுப் பிடிப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அந்த அறுபது எடையிலும் அளவையிலும் புழங்கியது. வானியல் சந்தையில் வாங்கிய கடன் அது.

ஈசூன் அப்பா: சரி, அறுபது உங்களுக்கே. சைனைத் தரமாட்டேன்.

இந்திய வானியலாளர் ஆரியபட்டர் 499ஆம் ஆண்டை ஒட்டி 24 எண்களை ஒரே செய்யுளில் அசைகளாகக் கோத்து வைத்தார். 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று தொடங்கும். இவை அடுத்தடுத்த கோணங்களின் சைன்களுக்கு இடையிலான வித்தியாசங்கள். ஒவ்வொரு படியும் 225 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), அதாவது மூன்றே முக்கால் பாகை. எட்டுப் படி ஏறினால் 30 பாகை. மகனைக் கால்குலேட்டர் இல்லாமல் இந்த எட்டையும் கூட்டச் சொன்னேன். 1719. அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் ஆரம் 3438 கலை, அதில் சரிபாதி! பள்ளியில் சைன் 30 பாகை என்றால் அரை என்கிறார்களே, அதேதான். பையன் ஒரு நிமிடம் பேசவே இல்லை.

எந்த வியாபாரிக்கு ஆரத்தைக் கலையில் அளக்க வேண்டியிருந்தது? கோள் நிற்கும் இடத்தைக் கணிப்பவனுக்குத்தான்.

பொங்கோல் மல்லிகா: இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஜான் வாரன் என்பவர் எழுதி 1825இல் அச்சான காலசங்கலிதம் என்ற நூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் வருகிறார். தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாய் இருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தாராம். காகிதத்தில் ஒரு எண்கூட எழுதவில்லை. அவர் யார் கட்சி?

தேக்கா கணக்கர்: சோழி எங்கள் கட்சி!

ஈசூன் அப்பா: கிரகணம் எங்கள் கட்சி. சோழியை வைத்து அவர் என்ன அரிசியா அளந்தார்?

தேக்கா கணக்கர்: சைன் விஷயத்தில் வாயை அடைத்துவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணிதம் முழுக்க வானியலின் பிள்ளை என்றீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். மிச்சம் இருந்த பதினாறு எண்களையும் எம்ஆர்டி ரயிலில் வரும்போது கூட்டிப் பார்த்தேன். 191இல் தொடங்கி 7இல் முடிகிறது. இருபத்து நாலும் சேர்ந்து 3438 கச்சிதமாக வந்தது. கூட்டல் எங்கிருந்து வந்ததாம், அண்ணே?