சிறு நிதி வாங்கி வகுப்பில் ஏதாவது செய்தவர்கள், மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

குந்தா_டீச்சர்:

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரு தனியார் அறக்கட்டளையோட வகுப்பறைத் திட்ட நிதி, 15,000 ரூபாய். வாங்கினவங்களுக்கு அந்தப் படிவம், போட்டோ, பயன்பாட்டுச் சான்று எல்லாம் தெரியும், அதை விட்டுடறேன். நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் சேர்ந்து மழை அளக்கிற திட்டம். அவங்க கையேட்டில் "பழைய தண்ணீர் பாட்டிலை வெட்டி" என்று போட்டிருந்தது. நம்ம நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை, எதை வெட்டுறது? எவர்சில்வர் தூக்குவாளி வெச்சோம். காலையில் மரஸ்கேலை உள்ளே விட்டு, நனைஞ்ச இடத்தைப் பார்த்து மில்லிமீட்டர் எழுதிடுவாங்க.

ஆடி மாசத்தில் எங்க ஊர் சுவரில் சார்ட் நிக்காது. ஓதம் பிடிச்சுச் சுருண்டு விழும், அடுத்த வாரம் பூஞ்சை. அதனால நேரா சுவரிலேயே நீலப் பெயின்ட். பெஞ்ச மழை எவ்வளவோ அதே உயரத்துக்குக் கோடு. 12 மில்லிமீட்டர் மழைன்னா 12 மில்லிமீட்டர் கோடு. ஓரத்தில் இருக்கிற ஒரு கோடு மட்டும் பிள்ளைங்க அளந்தது இல்ல. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அது. அஞ்சாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி அவங்க அப்பாகிட்டக் கேட்டுட்டு வந்து வரைஞ்சா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் நின்னா நெஞ்சு வரைக்கும் வருது. மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசைகட்டி அந்தக் கோட்டுப் பக்கத்தில் நின்னு பார்த்துச்சு. அந்த வருஷம் ஏன் மண் சரிஞ்சது, ஏன் ரோடு போச்சுன்னு நான் தனியா பாடம் எடுக்கவே தேவைப்படல.

டிசம்பரில் நிதி கொடுத்தவங்க சார்பில் ஒருத்தர் பார்க்க வந்தார். அந்தப் பொண்ணு யாரும் சொல்லாமலே போய் பெரிய கோட்டில் கையை வெச்சு நின்னா, விளக்கிச் சொல்றதுக்கு. அவர் என்னைப் பார்த்து, "இது பெயின்ட் அடிச்சிருக்கீங்க மேடம், மாடல் எங்கே?" என்றார். நான் சொல்ல ஆரம்பிச்சேன். அவர் போனை எடுத்துட்டார். அவ கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, கையை எடுத்து, பாவாடையில் துடைச்சுட்டு, இடத்தில் போய் உட்கார்ந்துட்டா.

ரெண்டு ரெயின்கோட் வாங்கினதையும் பில்லில் அடிச்சு நீக்கிட்டாங்க. "நலத்திட்டச் செலவு, திட்டப்பொருள் இல்லை"யாம். மழையில் இறங்கி மழை அளக்கிற பிள்ளைக்கு ரெயின்கோட் திட்டப்பொருள் இல்லைன்னா வேற எதுதான் திட்டப்பொருள்? அந்தப் பணம் போனது போகட்டும். அவ கையை எடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறல.

கீழ்மலை_ஆசிரியர்:

டீச்சர், உங்க கோபம் எனக்குப் புரியுது. நான் கொடைக்கானல் கீழ்மலை, தாண்டிக்குடிப் பக்கம். எங்களுக்கு வந்தது இன்னும் சின்னத் தொகை. பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டு, பாறைத் தேன் எடுக்கக் கொடியில் ஏணி பின்னுறதைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னோம். வகுப்பில் பாதிப் பேர் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள். வழக்கமா கடைசி வரிசையில் இருக்கிறவங்க அன்னிக்கு முன்னாடி வந்து, "அப்படி இல்ல சார், இப்படி முறுக்கணும்" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாங்க. அஞ்சாறு படி பின்னி முடிச்சு, உத்தரத்தில் கட்டி, ஒவ்வொருத்தரா ஏறினாங்க.

அவருக்கு 500 ரூபாய் கொடுக்கிறதா எழுதியிருந்தோம். அதுக்குக் கையெழுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எல்லாம் வேணும்னுட்டாங்க. நான் தாளை நீட்டினேன். ரூபாயைத் திருப்பி மேசை மேல வெச்சுட்டு, "பேரப்புள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுக்கு எதுக்கு தம்பி இத்தன காகிதம்" என்று கிளம்பிட்டார். பின்னாடியே ஓடிப் போய்க் கொடுத்தும் வாங்கிக்கல. மலைத்தேன் பாட்டில் வித்தா பில் கேட்காத சுற்றுலாக்காரங்க ஊரில், அறிவு சொல்லிக் கொடுத்தா பில் கேட்கிறாங்க.

டீச்சர், தூக்குவாளி எந்த மாதிரி? கீழே ஒடுங்கினது சரியா வருமா?

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்_குன்னூர்:

இருவருக்கும் வணக்கம். வருத்தம் நியாயம்தான், ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே செய்திருந்தால் இவ்வளவு சிக்கல் வந்திருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கீழ்மலைத் தம்பிக்கு. ரெவின்யூ ஸ்டாம்ப் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் தேவை. 500க்குத் தேவையே இல்லை. யார் கேட்டாலும் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். பில் கொடுக்க முடியாதவருக்குக் கைச்சீட்டு எழுதலாம்: என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு, பெற்றவர் கையெழுத்து அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானம் போட்டு, அந்தத் தீர்மான எண்ணைக் கைச்சீட்டில் குறித்துவிட்டால் எந்தத் தணிக்கையிலும் நிற்கும். குழுத் தலைவரே பெற்றோர் என்பதால் பெரியவரிடம் அவரே கொடுத்திருக்கலாம்; வாத்தியார் தாளை நீட்டியிருக்க வேண்டாம்.

இரண்டாவது, ரெயின்கோட். அதை "கள அளவீட்டுக்கான பாதுகாப்புப் பொருள்" என்று கருத்துருவிலேயே, அதாவது நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பத்திலேயே, எழுதியிருக்க வேண்டும். பின்னால் எழுதினால் வெட்டத்தான் செய்வார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் தனியாரிடம் போக வேண்டுமா என்பது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு வருகிற மானியம் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000, 100 பிள்ளைகள் வரை 25,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு 5,000, விளையாட்டுக்கு 5,000 வரை தனி. நம் மலையில் பல பள்ளிகள் 30க்குக் கீழே, அதனால் 10,000தான். சுண்ணாம்பு, துடைப்பம், பல்பு, குழாய் என்று கரைந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் திட்டமிட்டால் ஒரு 1,500 ரூபாயாவது பிள்ளைகள் கைக்குப் போகும். மார்ச் 31க்குள் செலவு செய்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, சான்று கொடுத்துவிட்டால் யாரும் வந்து மாடல் கேட்க மாட்டார்கள்.

என் அனுபவம் சிறியது. சர்வ சிக்‌ஷா அபியான் காலத்தில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய், கற்பிக்கும் பொருளுக்கு. அதில் கைலென்ஸ் வாங்கினேன். ஒரு பையன் தேயிலையைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "சார், செஞ்சிலந்தி நடக்குது. இதுக்குத்தான் எங்கப்பா மருந்தடிக்கிறாரு" என்று கத்தினான். அந்த வாரம் முழுக்கப் பள்ளி லென்ஸும் கையுமாகத் தோட்டத்தில்தான் இருந்தது.

குந்தா_டீச்சர்:

சார், நீங்க சொன்ன கணக்கு விவரம் எல்லாம் உபயோகம். குறிச்சுக்கிட்டேன். ஆனா கருத்துருவில் ரெயின்கோட் எழுதியிருந்தா அவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்திருப்பாரா? நான் கேட்கிறது அதைத்தான்.

கீழ்மலை சார், ஒடுங்கினது வேண்டாம். மேல இருந்து கீழ வரை ஒரே அகலமா, நேர்ச்சுவரா இருக்கணும். அப்போதான் ஸ்கேலில் தெரியிற உயரமே மழை அளவு. மரம், கூரை ஓரம் இல்லாம வெட்டவெளியில் வைங்க. வானிலைத் துறை காலை 8.30க்கு எடுக்கும். நாங்களும் அந்த நேரத்தையே பிடிச்சோம், பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஞாயித்துக்கிழமையும் எழுதுவான்.

சேரம்பாடி_மழை:

ஓய்வு பெற்ற சார், "இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால்" என்று ஒரே வரியில் முடிச்சிட்டீங்க. அந்த வரிதான் எங்க பள்ளியில் திட்டத்தையே முடக்கினது.

பந்தலூர் பக்கம், பணியர் பழங்குடிப் பிள்ளைகள் அதிகம். நான் சமவெளிக்காரி, அவங்க மொழி எனக்குத் தெரியாது. ஒண்ணாம் வகுப்பில் பிள்ளை வாயைத் திறக்காததுக்குப் பயம் மட்டுமா காரணம், நான் பேசுறது புரியலைங்கிறதும்தான். ஒரு சிறு நிதியில் வாய்ஸ் ரெக்கார்டர் வாங்கினோம். பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாட்டிமார் சொல்ற கதை, பாட்டு பதிஞ்சுட்டு வருவாங்க. வகுப்பில் போட்டுக் கேட்டு, படம் வரைஞ்சு, பக்கத்தில் தமிழில் எழுதுவாங்க. போனில் பதியலாமேன்னு கேட்பீங்க. என் போன் வருகைப்பதிவு, எமிஸ்னு கல்வித் துறை கேட்கிற விவரம் எல்லாம் ஏத்தித் திணறுது, அதை ஆறு வயசுப் பிள்ளை கையில் காலனிக்கு அனுப்ப முடியுமா?

பதிவேட்டில் ஏறினதும் அது "சொத்து" ஆயிடுச்சு. தொலைஞ்சா யார் பொறுப்புன்னு கேள்வி. பீரோவுக்குள்ள போச்சு. ஒரு நாள் கதை சொன்ன பாட்டி, கூட இன்னொரு பாட்டியைக் கூட்டிக்கிட்டு, அடைமழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க, தன் குரலைக் கேட்கணும்னு. பேரன் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான். சாவி தலைமையாசிரியர் கிட்ட, அவர் வட்டாரக் கூட்டத்துக்குப் போயிட்டார். அவங்க திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. பேரன் பீரோவைக் காட்டி அவங்க மொழியில் ஏதோ சொன்னான், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. மடியில் இருந்த கொய்யாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வரவே இல்ல.

தொலையட்டும் சார். ரெக்கார்டர் காலனியில் தொலைஞ்சா அங்கே யாராவது பயன்படுத்தினாங்கன்னு அர்த்தம். பீரோவில் பத்திரமா இருந்து என்ன பிரயோஜனம்?

கோத்தகிரி_டூ_திருப்பூர்:

நான் ஆசிரியர் இல்ல. டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகக் குடியிருப்பில் வளர்ந்தவன். நாலாவது படிக்கும்போது எங்க சார் யாரோ கொடுத்த பணத்தில் ஒரு உலக உருண்டை, நூல்கண்டு, குண்டூசி வாங்கினார். "எங்க வீட்டார் வந்த வழி" என்று திட்டம். கண்டி, தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் மலை. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின 1964 ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். தாத்தாவை வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். உருண்டையில் கண்டியைத் தேடி விரலை வெச்சார், விரல் முழுத் தீவையும் மறைச்சிருச்சு. "இம்புட்டுத்தானா" என்றார். கப்பல் கதையை அதுக்கு முன்னாடி அவர் எங்ககிட்டச் சொன்னதே கிடையாது. அன்னிக்கு வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்டுச்சு. எவ்வளவு பணம், யார் கொடுத்தது எதுவும் தெரியாது. கொடுத்தவங்க இதைப் படிச்சா நன்றி.

தேர்வுக்குழுவில்_இருந்தவள்:

இங்கே எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் மேசையின் மறுபக்கம். ஒரு நிறுவனத்தின் சிறு நிதிக் குழுவில் விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் ஒருத்தி.

கோத்தகிரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு விண்ணப்பம். கோடு போட்ட தாளில், தமிழில், கையெழுத்தில். பிள்ளைகள் வாராவாரம் சுவர்ப் பத்திரிகை நடத்த வேண்டும். அதில் என்னென்ன வரும் என்று அந்த ஆசிரியர் எழுதியிருந்தார்: பச்சைத் தேயிலை இந்த வாரம் கிலோ என்ன விலை, எந்த வீட்டில் கன்று போட்டது, காட்டுமாடு எந்த வழியில் நின்றது. "காட்டுமாடு நிற்கும் நாளில் மேல் ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதைப் பிள்ளைகளே எழுதினால் வராத காரணம் எல்லோருக்கும் தெரியும்" என்று ஒரு வரி. கேட்ட தொகை 2,800 ரூபாய். பலகை, தாள், பசை, ஸ்கெட்ச் பேனா, மழை படாமலிருக்க ஒரு கண்ணாடிக் கதவு. தச்சரிடம் விலை கேட்டு எழுதியிருந்தார்.

தள்ளுபடி. விதிப்படி குறைந்தபட்சத் தொகை 10,000. படிவம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான் வாதாடினேன். "வேண்டுமானால் 10,000க்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள்" என்றார்கள். 2,800 போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு மனுஷரிடம் போய், கூட்டி எழுதுங்கள் என்று எப்படிச் சொல்வது? அன்று தேர்வான விண்ணப்பங்களில் சில, படிப்பதற்கே அழகானவை. யாரோ கூலிக்கு எழுதிக் கொடுத்தவை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் டோனர்ஸ்சூஸ் என்று ஒன்று, நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியர் 2000இல் தொடங்கியது. ஆசிரியர் தனக்கு வேண்டிய பொருளைப் பட்டியலிடுவார், பொதுமக்கள் பிடித்த திட்டத்துக்குப் பணம் போடுவார்கள், பொருளே நேராக வகுப்புக்குப் போய்விடும். ஆசிரியர் கையில் காசு வராது, பில்லுக்கு அலைய வேண்டாம். அது நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. பளியர் பெரியவருக்கு 500 ரூபாயைப் பார்சலில் அனுப்ப முடியாது. ஆனால் எவ்வளவு தேவையோ அவ்வளவே கேட்கலாம் என்ற ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்_குன்னூர்:

சேரம்பாடி அம்மா சொன்னதை இரண்டு முறை படித்தேன். பதிவேட்டில் "பிள்ளைகள் வசம்" என்று எழுதி வழங்கல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்ப வழி உண்டு. நூலகப் புத்தகத்துக்குச் செய்வதுதான். உங்கள் தலைமையாசிரியரிடம் இதைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2024-25இல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தபோது இந்த மானியங்கள் என்ன பாடுபட்டன என்று பார்த்தோம். ஆகவே தனியார் பணம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுப்பவர்கள் ஜூனில் கொடுக்கட்டும். பிப்ரவரியில் கொடுத்து மார்ச்சில் கணக்குக் கேட்டால் பிள்ளைகள் எப்போது செய்வார்கள்? கூடலூர், பந்தலூர், குந்தா எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனையும் ஊர்கள். மழைத் திட்டத்துக்குப் பிப்ரவரியில் பணம் வந்தால் வாளியில் பனிதான் விழும்.

கீழ்மலை_ஆசிரியர்:

தேர்வுக்குழு அக்கா, அந்தக் கோத்தகிரிப் பள்ளிக்கு 2,800 இன்னும் தேவைப்படுமா? இங்கே நாலு பேர் போட்டா முடிஞ்சுரும். நான் 500 தர்றேன், பெரியவர் வாங்கிக்காத அதே 500. படிவம், போட்டோ எதுவும் வேண்டாம்.

கோத்தகிரி_டூ_திருப்பூர்:

நான் 1,000.

தேர்வுக்குழுவில்_இருந்தவள்:

இன்று காலை பள்ளிக்குப் போன் பண்ணினேன். எழுதின ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் ஈரோடு பக்கம் போய்விட்டாராம். இப்போது இருக்கும் டீச்சருக்கு இந்த விண்ணப்பம் பற்றியே தெரியாது. தாளின் நகலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு, "பலகைக்கு வெளிச் சுவரா, உள் சுவரா?" என்று கேட்டிருக்கிறார். தச்சரிடம் இன்றைய விலை கேட்டு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.