சோபாவுக்குப் பயந்த அப்பாவும் சிறுத்தைக்குப் பயந்த மாமாவும்

கோத்தகிரியிலிருந்து:

படங்களில் வருவது போல வீட்டு விலங்குகள் செய்த சேட்டையை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நாய் படம் பார்த்துவிட்டு நாய் வளர்க்க ஆரம்பித்த வீடுகள் நிறைய இருக்கும், எங்கள் வீடும் அதில் ஒன்று. 2022-இல் ‘ஓ மை டாக்’ வந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. விஜயகுமார், அருண் விஜய், அவருடைய பையன் அர்ணவ் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையும் நடித்த படம், கதை நடப்பதும் நம்ம ஊட்டியில், அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். கண் தெரியாத ஒரு ஹஸ்கி குட்டியை அந்தப் பையன் வளர்ப்பான். படம் முடிந்ததுமே இவள் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தாள். ஹஸ்கிதான் வேண்டும், பெயரும் சிம்பாதான்.

என் மாமனார் முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்தப் படங்களில் எப்போதும் வீட்டில் ஒருவர் நாய் வேண்டாம் என்பார், கவனித்திருப்பீர்கள். 1992-இல் வந்த ‘பீத்தோவன்’ படத்தில் செயின்ட் பெர்னார்ட் குட்டியைப் பார்த்து அந்த அப்பா முகம் சுளிப்பதெல்லாம் எச்சில், முடி, சோபா, கம்பளம் இவற்றை நினைத்துத்தான். மாமா வேண்டாம் என்றது சிறுத்தைக்குப் பயந்து. எங்கள் வீட்டை ஒட்டித் தேயிலைத் தோட்டம், அதற்குப் பின்னால் சோலைக்காடு. அவர் டீ பேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் ஆசையாக வளர்த்த நாயை வாசலில் கட்டிப் போட்டிருந்தார், காலையில் பார்த்தால் சங்கிலி மட்டும் கிடந்ததாம். அதற்கப்புறம் நாய் என்ற பேச்சையே எடுத்ததில்லை. நம் பக்கம் பல வீட்டில் நடந்த கதைதான் இது. படத்தில் சேட்டை செய்த நாயை ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும்போது குழந்தைகள் சிரிப்பார்கள், மாமா மட்டும் எழுந்து போய்விடுவார்.

அப்படிப்பட்டவர், அந்த வருஷம் ஐப்பசி மழையில், மார்க்கெட்டில் கடை ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியைத் தன் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். “ராத்திரி இது வீட்டுக்குள்ளதான் படுக்கணும், வாசல்ல கட்டுற வேலையே வேண்டாம்” என்றார். பெயரும் அவர் வைத்ததுதான், மணி. மகள் ஒரு வாரம் சிம்பா சிம்பா என்று கூப்பிட்டுப் பார்த்தாள், அது மணிக்குத்தான் வாலாட்டியது.

சரி, இப்போது சேட்டைக்கு வருகிறேன். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடுவதால் மணி செய்யும் அத்தனையும் வீட்டுக்குள்ளேதான். ஒருநாள் மேசை மேல் வைத்த வர்க்கி பாக்கெட்டைக் காணோம், டீயோடு சாப்பிடும் நம் ஊர் மொறுமொறு பிஸ்கட். மகளைத் திட்டினேன், அவள் அழுதாள், பாவம். மறுநாள் காலையில் மாமா தோட்டத்துக்குக் கிளம்பி ரப்பர் பூட்ஸில் காலை விட்டார், உள்ளே மொறுமொறுவென்று சத்தம். கால் விரல் இடுக்கெல்லாம் வர்க்கித் தூள்! மணி ஓடிவந்து, தன் சொத்தைத் திருப்பிக் கேட்பது போல அவர் எதிரே உட்கார்ந்துகொண்டது. மாமா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்த்ததில்லை.

இன்னொரு நாள் ‘பீத்தோவன்’ ஓடிக்கொண்டிருந்தது. சேறும் தண்ணீருமாகப் படுக்கையறைக்குள் வந்து உடம்பை உதறும் காட்சி இருக்கிறதே, சரியாக அந்த நேரத்தில் மணி மழையில் நனைந்து பின்கட்டு வழியாக உள்ளே வந்து மாமாவின் கம்பளி மேலேயே உதறியது. எது டிவியில், எது வீட்டில் என்று தெரியாமல் மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

‘மார்லி அண்ட் மீ’ படத்தில் அந்த ஒரு லேப்ரடார் வேஷத்துக்கு 22 நாய்களை நடிக்க வைத்தார்களாம். ‘பேப்’ படத்தில் குட்டி சீக்கிரம் வளர்ந்துவிடும் என்பதால் 48 பன்றிக்குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை பழக்கி எடுத்திருக்கிறார்கள். எங்கள் மணி ஒண்டி ஆளாக 22 நாயின் வேலையையும் செய்துவிடும், பழக்க ஆளும் தேவையில்லை.

அது டிவியும் பார்க்கும். முன்பு நாங்கள் வைத்திருந்த பழைய பெட்டி டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தத் திரை விநாடிக்கு 50 தடவை மின்னும், நமக்கு அது ஒரே படமாகத் தெரியும், நாயின் கண் நம்முடையதை விட வேகம் என்பதால் அதற்கு மினுக் மினுக்கென்றுதான் தெரியுமாம். தட்டை டிவி வாங்கியபிறகு முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பார்க்கிறது. நீலமும் மஞ்சளும்தான் அதற்கு நன்றாகத் தெரியும். திரையில் நாய் குரைத்தால் டிவிக்குப் பின்னால் போய் மோந்து பார்த்துவிட்டு வந்து என்னைப் பார்க்கும், ஆள் எங்கே என்பது போல.

குன்னூரிலிருந்து:

அக்கா, வர்க்கிக் கதையைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். எங்களுக்கு நாய் இல்லை, ஆடு. நான் பிறப்பதற்கு முன்பே, 1977-இல், தேவர் பிலிம்ஸின் ‘ஆட்டுக்கார அலமேலு’வைப் பாட்டி தியேட்டரில் பார்த்திருக்கிறார், அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பெட்டை ஆடு வந்தாலும் பெயர் அலமேலுதான். நான் பார்த்த அலமேலு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுத் தகரக் கூரை மேல் ஏறி நின்றுகொள்ளும், இறங்கத் தெரியாது. விடியற்காலையில் தடதடவென்று கூரை அதிர்ந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் காட்டுமாடு வந்துவிட்டது என்று டார்ச்சோடு எழுந்து வருவார்கள். பாட்டி மட்டும் படுத்த இடத்திலிருந்தே “அலமேலு, கத்தாம இரு, விடிஞ்சதும் ஏணி எடுத்தாரேன்” என்பார்.

கோத்தகிரியிலிருந்து, மறுபடி:

தம்பி, உங்கள் பாட்டி சொன்னதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவரும் அந்தப் படத்தை அந்தக் காலத்தில் பார்த்தவராம், ஞாயிற்றுக்கிழமை போடச் சொல்லியிருக்கிறார். படத் தொடக்கத்தில் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்று கார்டு வந்தால் என் மகள் அதை மணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவது வழக்கம், இது பழைய படம், கார்டு இருக்காது, அதனால் அவளே ஒன்று எழுதி வைத்திருக்கிறாள். பூட்ஸை இப்போதே பரண் மேல் ஏற்றிவிட்டேன்.