சுங்குடிப் புடவையில் ஓர் ஆந்தை: ஹாலோவீன் வேஷம் தைத்த அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போடும் பிள்ளை, சாயங்காலம் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போக வேண்டும். ஏழு வயது மகனிடம் என்ன வேஷம் வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே கேட்டேன். ஆந்தை என்றான். வேறு எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்கு ஆந்தை வேஷமாடி?" ராத்திரி ஆந்தை அலறினால் ஜன்னலைச் சாத்தும் வீட்டில் வளர்ந்தவர் அவர். எனக்கும் கொஞ்சம் மனசு இடறியது. அப்புறம் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா டீ குடிக்க வந்தபோது பேச்சோடு பேச்சாக, "எங்கள் ஊரில் லட்சுமிக்கே ஆந்தைதான் வாகனம்" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை தன் பெட்டியைத் திறந்து, அரக்கு நிறச் சுங்குடிப் புடவை ஒன்றை என் மடியில் போட்டார். "இடுப்புப் பக்கம் நைஞ்சுபோச்சு. புள்ளியெல்லாம் இறகு மாதிரியே இருக்கும் பாரு."

பார்த்தேன். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகள் அல்லவா, ஒவ்வொன்றும் ஓரம் கலங்கி, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருந்தன. கடைத் துணியில் அச்சடித்த புள்ளிக்கு அந்த உயிர் வராது.

மூன்று அங்குல நீளத்தில் நாக்கு வடிவ அட்டை ஒன்று வெட்டிக்கொண்டோம். அதை வைத்து மகன் சாக்பீஸால் வரைய, நான் வெட்டினேன். தொண்ணூறு இறகுக்கு மேல் வந்தது. தலைமூடி வைத்த ஒரு பழைய ஸ்வெட்டரின், அதாவது ஹுடியின், முதுகிலும் கைகளிலும் தைக்க உட்கார்ந்தேன். கழுத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு வரிசை தைத்த பிறகுதான் தப்பு தெரிந்தது. அடுத்த வரிசை முந்தைய இறகுகளின் மேல் ஏறி அவற்றையே மூடுகிறது. அம்மா வாங்கிப் பிரித்துப் போட்டார். "ஓடு வேயறது எப்படி? கீழேருந்துதானே மேலே வருவாங்க?" அவ்வளவுதான். கீழ் வரிசையை முதலில் தைத்து, அதன் தையலை அடுத்த வரிசை மறைக்கும்படி மேலே ஏறினோம். இறகின் மேல்விளிம்பில் மட்டும் ஓட்டுத்தையல். கீழ்ப்பக்கம் காற்றில் ஆடியது. நூல் பிரிந்த ஓரங்களை மடித்துத் தைக்கவில்லை. பிசிர் பிசிராக இருந்ததுதான் நிஜ இறகு மாதிரி இருந்தது.

குளிருக்கு என்று ஹுடியைத் தேர்ந்தெடுத்தோம். அன்றைக்குப் பார்த்து நியூ ஜெர்சியில் அக்டோபர் கடைசி மாதிரியே இல்லை, 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது வெயில். நாலு மணிக்குப் போட்டுப் பார்த்தபோதே பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்வை, கண்ணில் அழுகை. அம்மா கத்தரிக்கோலை எடுத்து ஹுடியின் முன்பக்கத்தை மேலிருந்து கீழே வெட்டித் திறந்துவிட்டார். உள்ளே ஒரு டிஷர்ட், மேலே இறக்கை. முன்பக்கம் இறகு தைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இனிமேல் தைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஹுடியில் தைக்காதீர்கள், தோளில் போர்த்துகிற மாதிரி ஒரு துணியில் தையுங்கள். குளிர்ந்தால் ஜாக்கெட் மேல் போடலாம், வெயில் அடித்தால் சட்டை மேல் போடலாம்.

மினியாபொலிஸிலிருந்து ஓர் அப்பா

எங்கள் ஊரில் வெயில் பிரச்சினை இல்லை. இங்கே வேஷம் ஜாக்கெட்டுக்கு மேலேதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு வருஷமும் 1991-ஐச் சொல்வார். ஹாலோவீன் அன்று தொடங்கிய பனி நவம்பர் 3 வரை விடாமல் கொட்டி, 28 அங்குலத்துக்கு மேல் சேர்ந்ததாம். அப்போதும் பிள்ளைகள் பனியில் இறங்கி மிட்டாய்க்குப் போனார்களாம்.

என் மகளுக்கு ஆறு வயதில் சென்னை ஆட்டோ ஆக வேண்டும் என்று ஆசை. அந்தக் கோடையில் தாத்தாவோடு திருவல்லிக்கேணி முழுக்க ஆட்டோவில் சுற்றியதன் விளைவு. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வெட்டி எடுத்தேன். மஞ்சள் பெயிண்ட், கறுப்புக் கூரை, காகிதத் தட்டில் ஹெட்லைட். நம்பர் பிளேட்டை அவளே எழுதினாள்: டி.என். என்று ஆரம்பித்து அவள் பிறந்த நாள்.

பெட்டி வேஷத்தில் மூன்று விஷயம் எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒன்று, கயிறு போட்டுத் தோளில் மாட்டினால் அறுக்கும். பழைய பள்ளிப்பையின் பட்டைகளை வெட்டி, முதுகில் குறுக்காகப் போகும்படி மாட்டுங்கள், நழுவாது. இரண்டு, பெட்டியின் முன் கீழ்விளிம்பு முட்டிக்கு மேலே இருக்க வேண்டும். முதல் வீட்டுப் படியிலேயே முட்டி இடித்து என் மகள் குப்புற விழப் பார்த்தாள். அங்கேயே நின்று பாக்கெட் கத்தியால் நாலு அங்குலம் அறுத்தேன். மூன்று, ஈரம். அட்டை நனைந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. வெளிப்பக்கம் முழுக்கப் பார்சல் டேப் ஒட்டியதால்தான் எங்கள் ஆட்டோ வீடு வந்து சேர்ந்தது.

எல்லாரும் டாக்ஸி என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஓர் அம்மையார், தாய்லாந்து போயிருப்பார் போல, டுக் டுக் என்றார். மகள் பொறுமையாக ஒவ்வொரு வாசலிலும் "ஆட்டோ" என்று திருத்தினாள். கடைசி வீட்டில் கேட்காமலேயே "மீட்டர் போடுவேன்" என்று தமிழில் சொன்னாள். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

ஸ்கார்பரோவிலிருந்து

என்ர மகனுக்கு அப்ப நாலு வயது. வெள்ளைப் படுக்கை விரிப்பில கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுப் பேயாக்கினன். பாக்க நல்ல வடிவு. ஆனா பிள்ளை தலையைத் திருப்பினா விரிப்பு திரும்பாது, ஓட்டை காதுப் பக்கம் போயிடும். ரோட்டைக் கடக்கேக்க அவனுக்கு ஒண்டுமே தெரியேல்ல, கையைப் பிடிச்சிருந்தபடியால தப்பினம். அடுத்த வருசம் முகத்தை முழுசாத் திறந்துவிட்டு, விரிப்பை ஒரு வெள்ளைத் தொப்பியோட சேர்த்துத் தைச்சு, கீழ்க்கரையைக் கணுக்காலுக்கு மேலே வெட்டினன். சின்னப் பிள்ளையளுக்கு முதுகில ஸிப் வைச்ச முழு உடுப்பு வேண்டாம். அவசரத்துக்கு ஒண்டுக்குப் போகேலாது, நடுறோட்டில அழுவினம்.

ஃப்ரீமாண்டிலிருந்து

இறகு வேஷம் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. என் மகளுக்கு என் பழைய துப்பட்டாவில் தேவதை இறக்கை செய்திருந்தேன். ஒரு வீட்டுப் படியில் ஹாலோவீனுக்குக் குடைந்த பூசணிக்குள் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அவள் மிட்டாய் வாங்கித் திரும்பும்போது துப்பட்டாவின் நுனி பூசணி மேல் விழுந்தது. அந்த வீட்டுக்காரர் பாய்ந்து இழுத்துக் காலால் மிதித்தார். ஒரு ரூபாய் அளவுக்குக் கருகிய ஓட்டை, அதோடு போயிற்று. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் இல்லை.

கடையில் விற்கும் வேஷத்தில் எளிதில் தீப்பிடிக்காது என்று சீட்டு இருக்கும். நாம் தைப்பதற்கு அந்தச் சீட்டு கிடையாது. மெல்லிய பருத்தியும் வலைத்துணியும் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் எதுவும் தொங்கக் கூடாது, கையோடும் முதுகோடும் ஒட்டித் தைக்க வேண்டும். எங்கள் வாசல் பூசணியில் இப்போது பேட்டரி விளக்குதான். முதுகில் இரண்டு கோடு ஒளி பிரதிபலிக்கும் டேப்பும் ஒட்டிவிடுகிறேன், இருட்டில் வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று.

மறுபடியும் எடிசனிலிருந்து

ஃப்ரீமாண்ட் அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். எங்கள் இறகுகள் ஆடுகிற மாதிரிதான் தைத்திருக்கிறேன். கையடியில் உள்ள வரிசையை இன்றைக்கே பிரித்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் அம்மாவும் கூடவே வந்தார். தீபாவளிப் பட்டுப் புடவையும் ஸ்னீக்கர்ஸும். ஒரு வீட்டில், பாட்டி என்ன வேஷம் என்று கேட்டார்கள். மகன் முந்திக்கொண்டு, "இவங்கதான் ஆந்தையைச் செஞ்சவங்க" என்றான். அவர்கள் அம்மாவுக்கும் ஒரு சாக்லேட் கொடுத்தார்கள்.

அந்தப் புடவையில் முந்தானை மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்த வருஷம் சின்னவள் மயில் கேட்கிறாள். போனில் சொன்னதிலிருந்து அம்மா மதுரையில் பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறார், பச்சைச் சுங்குடி ஒன்று எங்கேயோ இருக்கிறதாம்.