ஸ்போர் சாயம் ஏறவில்லை, எல்லாமே சிவப்பு: ஊட்டியிலிருந்து ஒரு சந்தேகம்

கேத்தி கேரட்தோட்டம்:
வணக்கம். ஊட்டியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கேரட் தோட்டத்து மண்ணிலிருந்து பாசில்லஸ் பிரித்தெடுப்பதுதான் என் ஆய்வு. இது ஸ்போர் (சூட்டையும் தாங்கும் தடித்த உறை உறங்குநிலை) கட்டும் கோல் வடிவ பாக்டீரியா. மண்கரைசலை 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, ஸ்போர் இல்லாதவை செத்த பிறகு நியூட்ரியன்ட் அகர் (பாக்டீரியா வளரும் சத்துக்கூழ்) தட்டில் பரப்பினேன். வெளிறிய, ஓரம் கிழிந்தாற்போன்ற காலனிகள் (பாக்டீரியாத் திட்டுகள்) வந்தன. கிராம் சாயத்தில் ஊதாக் கோல்கள். அதுவரை சரி.

ஸ்போரைப் பச்சையாகவும் கோலைச் சிவப்பாகவும் காட்ட வேண்டிய ஸ்போர் சாயம்தான் மூன்று நாளாக ஏமாற்றுகிறது. ஸ்மியர் (ஸ்லைடில் தேய்த்த காலனி) மேல் ஃபில்டர் பேப்பர் துண்டு, 5 சதவீத மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம், கொதிக்கும் பீக்கர் மேல் 5 நிமிடம் ஆவி, தண்ணீரில் கழுவல், அப்புறம் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு நிமிடம். எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பார்த்தால் எல்லாம் சிவப்புக் கோல்கள், ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. நேற்று ஒரு ஸ்லைடில் நேர்மாறாக எல்லாமே பச்சை. சாயம் கெட்டுவிட்டதா? புதிதாக வாங்க கோயம்புத்தூர் போக வேண்டும், அதனால்தான் முதலில் கேட்கிறேன்.

பழைய லேப்காரர்:
சாயம் வாங்க வண்டி ஏற வேண்டாம்மா. எத்தனை நாள் வயதான காலனியை எடுத்தீர்கள்? தட்டுகளை எந்தச் சூட்டில் வைத்தீர்கள்? கிராம் ஸ்லைடை இன்னொரு முறை பாருங்கள். ஊதாக் கோலுக்குள் சாயம் பிடிக்காத வெள்ளை ஓட்டை தெரிகிறதா? அதுதான் ஸ்போர் இருக்கும் இடம்.

கேத்தி கேரட்தோட்டம்:
தட்டுகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பழுதாகி இரண்டு வாரம் ஆகிறது சார். தட்டுகள் லேப் அலமாரியில்தான் இருந்தன. காலையில் தெர்மாமீட்டர் 11 காட்டியது, வெளியே புல்லெல்லாம் உறைபனி. காலனி கண்ணுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது, தெரிந்த அன்றே எடுத்துச் சாயம் போட்டேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

பழைய லேப்காரர்:
அப்படியானால் உங்கள் சாயம் சரியாகத்தான் சொல்கிறது. அந்தக் காலனியில் இன்னும் ஸ்போரே உருவாகவில்லை. சாப்பாடு தீரும்போதுதான் பாசில்லஸ் ஸ்போர் கட்டும், தட்டு நிறைய சத்து இருக்கும்போது பெருகிக்கொண்டேதான் இருக்கும். 30 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று நாளில் நடப்பது, உங்கள் அலமாரிக் குளிரில் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் என்று புத்தகம் சொல்வது அந்தச் சூட்டுக்கான கணக்கு. மலையில் நாட்களை எண்ணாதீர்கள், ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். சாயமே வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து கவர்ஸ்லிப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். ஸ்போர் இருந்தால் கோலுக்குள் மணி போல மின்னும். அது தெரிந்த பிறகு மாலகைட் கிரீனைத் தொட்டால் போதும்.

குன்னூர் மைக்ரோ:
தங்கச்சி, எனக்கு வேறு சந்தேகம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பீக்கர் மேல் இருக்கும் ஸ்லைடு அதைவிடக் குறைவு. ஸ்போரின் தடித்த உறைக்குள் சாயம் நுழைய சூடுதான் வழி. 5 நிமிடத்தை 10 ஆக்குங்கள்.

பழைய லேப்காரர்:
10 நிமிடம் வைப்பது நல்லதுதான். ஆனால் இருக்கிற ஸ்போருக்குத்தான் அது உதவும். இல்லாத ஸ்போருக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்டினாலும் பச்சை வராது. முதலில் காலனி.

குன்னூர் மைக்ரோ:
ஒப்புக்கொள்கிறேன் சார். எல்லாமே பச்சையான ஸ்லைடில் பேப்பர் காய்ந்துபோனதா தங்கச்சி? சாயம் கொஞ்சம் காய்ந்தாலும் கோல்களோடு ஒட்டிவிடும், அப்புறம் கழுவினாலும் போகாது. ஓரத்தில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக்கொண்டே இருங்கள். ஸ்லைடு ஆறிய பிறகு, பேப்பரை எடுத்துவிட்டு, வழியும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். இந்த முறையில் நிறம் நீக்குவது தண்ணீர்தான், ஆல்கஹால் வேண்டாம். கையுறை கட்டாயம். மாலகைட் கிரீன் மீனுக்கு விஷம், கழுவிய தண்ணீரை ஓடைப் பக்கம் விடாதீர்கள்.

கேத்தி கேரட்தோட்டம்:
ஆமாம் அக்கா, பேப்பர் காய்ந்துதான் போனது. இன்குபேட்டருக்கு என்ன செய்யலாம்?

பழைய லேப்காரர்:
தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு 15 வாட் குண்டு பல்பு, மூடியில் விரல் அளவு ஓட்டை, ஒரு தெர்மாமீட்டர். பல்பு பெட்டியின் சுவரைத் தொடக்கூடாது, தட்டுகள் பல்புக்கு அருகில் இருக்கக்கூடாது. 30 முதல் 35க்குள் நிற்கும்வரை ஓட்டையைக் கூட்டிக் குறையுங்கள். அடுத்த முறை அகர் தயாரிக்கும்போது லிட்டருக்கு 10 மில்லிகிராம் மாங்கனீஸ் சல்ஃபேட் சேருங்கள், ஸ்போர் நன்றாகக் கட்டும்.

கேத்தி கேரட்தோட்டம் (ஐந்து நாள் கழித்து):
வந்துவிட்டது! பெட்டி 32இல் நின்றது. இரண்டாம் நாள் தண்ணீர்ச் சொட்டில் அங்கங்கே மினுமினுப்பு, மூன்றாம் நாள் பாதிக் கோல்களில் மணி. அன்றே சாயம் போட்டேன், 10 நிமிடம் ஆவி, பேப்பர் காயவிடவில்லை. சிவப்புக் கோலின் நடுவே பச்சை முட்டை, கோலை விட்டு வெளியே வந்தவை தனியாகப் பச்சை. அலமாரியில் விட்ட அதே காலனி இன்னும் முழுச் சிவப்புதான். இரண்டு ஸ்லைடையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

இன்னொன்று. மண் போடாத வெற்றுத் தட்டையும் பெட்டியில் வைத்திருந்தேன். அதிலும் காலனி, அதிலும் பச்சை ஸ்போர். அகரை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் சரியாகத்தான் வைத்தேன்.

குன்னூர் மைக்ரோ:
தட்டு ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்திருக்கலாம். ஆனால் ஆட்டோகிளேவையும் நம்ப முடியாது தங்கச்சி. அதன் அழுத்தமானி வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்றுதான் காட்டும், ஊட்டியிலோ வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. முள் 15இல் நின்றாலும் உள்ளே 117 டிகிரி அளவுதான், கிருமி நீக்க வேண்டிய 121 வராது. இயந்திரத்தின் உச்ச வரம்பு இடம் கொடுத்தால் 18, 19 பவுண்டு வரை ஏற்றுங்கள். இல்லையென்றால் 15லேயே 40 நிமிடம் வையுங்கள். அப்படிச் செய்த அகரில் முதலில் வெற்றுத் தட்டு மட்டும் நாலு ஊற்றி மூன்று நாள் பெட்டியில் வையுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் தோட்டத்து மண்ணைத் திரும்பப் போடுங்கள்.