வளவு வீட்டில் இஇஜி: இளம் நரம்பியல் ஆய்வாளர் கருத்தரங்குக்கு வருபவர்கள் கவனத்துக்கு

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வளவு (முற்றம் வைத்த) வீடுகளில் இஇஜி, அதாவது தலையில் எலக்ட்ரோடு என்ற உலோக முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் செய்முறை காட்டுவதென்றால் முதலில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று துளை பிளக் இருந்தாலே எர்த் உண்டு என்று நம்பாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் மின்சார லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் குறையும். ஒரே ஒரு சேனலில் (திரையில் ஓடும் ஒரு கோட்டில்) இரைச்சல் என்றால் அந்த எலக்ட்ரோடு சரியாக ஒட்டவில்லை. எல்லாச் சேனலிலும் வந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ரெஃபரன்ஸ், கிரவுண்ட் எலக்ட்ரோடுகளை முதலில் சந்தேகப்படுங்கள். அதைத் தேடாமல், 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டு மறைப்பது நல்ல பழக்கமில்லை.

அடுத்தது தலை எண்ணெய். எண்ணெய் வைத்த தலையில் இம்பிடன்ஸ் (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க மறுக்கும். ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் வரும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடியை வகிடெடுத்து, தோலில் தேய்ப்பு ஜெல்லைப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தேய்த்து, பிறகு மின்கடத்தும் பேஸ்ட் வையுங்கள். பேஸ்ட் அதிகமானால் பக்கத்து எலக்ட்ரோடு வரை வழிந்து இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு சேனலும் அச்சு அசலாக ஒரே கோடு போட்டால் காரணம் அதுதான். வியர்த்தால் கோடு மெதுவாக மேலும் கீழும் அலையும். மின்விசிறி வேண்டும், ஆனால் ஒயர் காற்றில் ஆடக்கூடாது. பின்னல் மாதிரி முறுக்கிக் கட்டுங்கள்.

பின்மண்டையில் இடமும் வலமும் இருக்கும் ஓ1, ஓ2 எலக்ட்ரோடுகள் இரண்டையும் பார்த்துக்கொண்டே கண்ணை மூடச் சொல்லுங்கள். 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை எழும், கண் திறந்ததும் அமுங்கும். மனித இஇஜியை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இன்றுவரை பார்ப்பவர் மனதில் நிற்கும் காட்சி இதுதான். சிலருக்கு ஆல்ஃபா இயல்பாகவே சிறியது. அதனால் இன்னொருவரையும் தயாராக வைத்திருங்கள்.

*

மேலே உள்ள குறிப்பில் அக்கா சொன்னதோடு நான் சொல்லும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எர்த், ஒட்டு எல்லாம் சரியாக இருந்தும் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் எலக்ட்ரோடின் மேற்பூச்சைப் பாருங்கள். வெள்ளிக் கம்பியில் சாம்பல் கலந்த ஊதாவாக இருக்க வேண்டிய சில்வர் குளோரைடு தேய்ந்து, வெள்ளி பளபளவென்று தெரியும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, சலவை பிளீச்சில் சுமார் 20 நிமிடம் கருக்கும்வரை ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பிளீச்சில் ஆசிட் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும். சின்டர்டு வகை (வெள்ளி, சில்வர் குளோரைடு பொடிகளை அழுத்திச் சுட்டது) என்றால் உப்புத்தாள் வேண்டாம், மென்மையான பல் துலக்கியும் தண்ணீரும் போதும். மின்வேதியியலுக்கென்றே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊர் இது. கேள்வி கேட்பவர்களில் இந்தப் பூச்சை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருப்பார்கள்.

*

கருத்தரங்கில் ஆய்வைப் போஸ்டராக வைப்பவர்களுக்கு: ஏ0 தாள் என்றால் 841 × 1189 மி.மீ. நெடுக்கா, கிடையா என்று கேட்டுக்கொண்டு அச்சடியுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பூச்சு உரிந்து வந்துவிடும், அதை மறுபடி அப்படியே செய்வது லேசில்லை. தனிப் பலகை கேளுங்கள். முற்றத்துக் காற்றுக்கு நான்கு மூலையிலும் கிளிப் வேண்டும்.

கேள்வி எங்கே வரும் என்றால், எண்ணிக்கையில். மூன்று எலிகளிலிருந்து 60 நியூரான் (நரம்பு செல்) பதிவு செய்துவிட்டு, 60-ஐயும் தனித்தனி மாதிரியாகக் கணக்கிட்டால் பி மதிப்பு (முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண்) பொய்யாகச் சின்னதாகிவிடும். எலி எத்தனை, செல் எத்தனை என்று படத்துக்குக் கீழேயே இரண்டையும் எழுதுங்கள், தம்பி. வரைபடத்தில் போடும் பிழைக்கோடு எஸ்டியா (திட்ட விலக்கம்), எஸ்இஎம்மா (சராசரியின் திட்டப் பிழை) என்பதையும் அங்கேயே.